தாயும் தொழிலாளியும்: மொரீசியஸ் தீவில் மக்கள்தொகை மாற்றமும் மகளிர் வேலைவாய்ப்பும்

1. உரையின் பொருள்

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மொரீசியஸ், 1,865 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முதன்மைத் தீவையும், அதற்குக் கிழக்கே நெடுந்தொலைவில் உள்ள ரோட்ரிக்ஸ் தீவையும், வேறு சில சிறு தீவுகளையும் உள்ளடக்கிய குடியரசாகும். 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்ற இந்நாட்டின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி 12.35 லட்சம். விடுதலைக்குச் சில ஆண்டுகள் முன்பு இத்தீவை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், மக்கள் பெருக்கத்தால் நிலைகுலையப் போகும் நாடு என்று இதனை மதிப்பிட்டனர். இன்றைய ஆட்சியாளர்களோ பிள்ளைகள் குறைந்துபோனதை எண்ணிக் கவலை கொள்கின்றனர். ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் ஓர் அச்சம் அதற்கு நேர்மாறான அச்சமாக மாறிய இடைக்காலத்தில் நிகழ்ந்தவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

வளர்ச்சித் திட்டங்களை வகுக்கும் ஆவணங்களில் பெண் பொதுவாக இரு வேறு பக்கங்களில் இடம்பெறுகிறாள். மக்கள்தொகைக் கணக்கில் அவள் தாய். உழைப்புக் கணக்கில் அவள் கூலித் தொழிலாளி. இரண்டு பக்கங்களிலும் நிற்பவள் ஒருத்தியே என்பதும், அவ்விரண்டுக்கும் இடையே ஊதியமற்ற வீட்டுப் பராமரிப்பு உழைப்பு என்றொரு மூன்றாவது பக்கம் உண்டு என்பதும் மொரீசியஸின் கொள்கை வரலாற்றில் நெடுங்காலம் கருதப்படவில்லை. அத்தீவின் வெற்றிகளையும் இன்றைய இடர்களையும் அந்த எழுதப்படாத பக்கத்தைக் கொண்டே தெளிவாக விளக்க முடியும் என்பது இவ்வுரை முன்வைக்கும் கருத்து.

2. வந்தேறியவர்களின் தீவு

மொரீசியஸுக்குத் தொல்குடி கிடையாது. 1638 முதல் 1710 வரை டச்சுக்காரர்கள் விட்டுவிட்டுக் குடியிருந்து கைவிட்ட தீவை 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினர். 1810இல் அது ஆங்கிலேயர் வசமானது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த கரும்புத் தோட்டங்கள், 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது வேறு ஆட்களைத் தேடின. கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களின் வழியாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ நான்கரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்டனர். போர்ட் லூயியில் அவர்கள் கரையேறிய இடமான அப்பிரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. தமிழகத்திலிருந்து சென்றவர்களும் இவர்களுள் அடங்குவர். கைவினைஞர்களாகப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர்களும் உண்டு.

தொடக்க ஆண்டுகளில் வந்தவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. தோட்ட முதலாளிகளுக்குத் தேவைப்பட்டது வெட்டும் சுமக்கும் ஆண் உடல். பெண்ணும் பிள்ளையும் செலவாகவே கருதப்பட்டனர். கப்பலேறுவோரில் குறிப்பிட்ட விகிதம் பெண்கள் இருக்கவேண்டும் என்று பின்னர் விதிகள் வகுக்கப்பட்டதற்கும் பெண்களின் உரிமை காரணமன்று. ஆண்களைத் தீவிலேயே நிலைத்துத் தங்கவைக்கக் குடும்பம் தேவை என்ற கணக்கே காரணம். ஆக, மகளிரின் வருகையே இத்தீவின் முதல் மக்கள்தொகைக் கொள்கையாக அமைந்தது எனலாம். அவ்வாறு வந்த பெண்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து மரினா கார்ட்டர் 1994இல் வெளியிட்ட ‘லட்சுமியின் மரபு’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல், தோட்டக் கணக்கேடுகள் மறைத்த வாழ்க்கைகளை வெளிக்கொணர்ந்தது.

1861இல் சற்றேறக்குறைய 3.1 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1944இல் 4.19 லட்சமாகவே இருந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த மந்தநிலைக்குப் பிறப்புக் குறைவு காரணமன்று. 1860களின் பிற்பகுதியில் பரவிப் பல்லாயிரவரைக் கொன்ற மலேரியாவும் அதன் பின் நிலைகொண்ட நோய்களும் பிறந்தவர்களை வாரிச் சென்றன. இக்காலத்தில் பெண்கள் தோட்டங்களில் களையெடுத்தனர், எருவிட்டனர், கரும்புக் கட்டுகளைச் சுமந்தனர். ஆண்களைவிடக் குறைந்த கூலி பெற்றனர். 1943 செப்டம்பரில் பெல் வியூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்மீது காவல்துறை சுட்டதில் இறந்த நால்வருள் ஒருவர் அஞ்சலை குப்பன் என்னும் கருவுற்றிருந்த தமிழ்ப் பெண். தாயாகவும் தொழிலாளியாகவும் ஒருங்கே நின்ற அவர் இன்று நாட்டின் தொழிலாளர் இயக்க வரலாற்றில் போற்றப்படுகிறார். அவர் பெயரில் ஒரு விளையாட்டரங்கமும் உள்ளது.

3. பெருக்கத்தின் அச்சம்

மக்கள்தொகை இயலில் நிலைமாற்றம் என்பது, பிறப்பும் இறப்பும் மிகுந்திருந்த நிலையிலிருந்து இரண்டும் குறைந்த நிலைக்கு ஒரு சமுதாயம் நகர்வதைக் குறிக்கும். இறப்பு முதலில் குறையும். பிறப்பு பின்னரே குறையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை வேகமாகப் பெருகும். ஐரோப்பாவில் பல தலைமுறைகள் எடுத்துக்கொண்ட முதற்கட்டம் மொரீசியஸில் சில ஆண்டுகளில் முடிந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1949 முதல் டி.டி.டி. மருந்து தெளித்து நடத்தப்பட்ட மலேரியா ஒழிப்பு இயக்கம் இறப்பு வீதத்தைச் சரியச் செய்தது. 1952இல் ஐந்து லட்சமாக இருந்த முதன்மைத் தீவின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 6.8 லட்சமாக உயர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடு என்னும் இவ்வேகம் அன்றைய உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று.

இந்தச் சூழலில் ஆங்கிலேய அரசின் அழைப்பின்பேரில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அறிக்கை அளித்தன. பின்னாளில் 1977இல் நோபெல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழு பொருளாதார அமைப்பையும், ரிச்சர்ட் டிட்மஸ், பிரையன் ஏபெல்-ஸ்மித் ஆகியோர் அடங்கிய குழு சமூகநலக் கொள்கையையும் ஆராய்ந்தன. இரண்டும் 1961இல் நூலாக வெளிவந்தன. கரும்பு ஒன்றையே நம்பிய பொருளாதாரத்தில் நிலமும் மூலதனமும் ஓரளவுக்கு மேல் பெருகாதபோது ஆட்கள் மட்டும் பெருகினால், வேலையின்மையும் வறுமையும் இனப்பூசலும் விளையும் என்பது மீடின் முடிவு. கூலி உயர்வைக் கட்டுக்குள் வைத்து ஆட்களை மிகுதியாகப் பயன்படுத்தும் தொழில்களை வளர்க்கவும், வெளிநாட்டுக் குடியேற்றத்தை ஊக்குவிக்கவும், பிறப்பைக் குறைக்கவும் அவர் பரிந்துரைத்தார். பிறப்பு வீதம் குறையாவிடில் நூற்றாண்டின் இறுதிக்குள் மக்கள்தொகை மூன்று மடங்குக்கும் மேலாகும் என்று கணித்த டிட்மஸ் குழு, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்தை நோக்கமாகக் கொண்டு நலத்திட்டங்களையும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையையும் இணைக்கச் சொன்னது.

இவ்விரு அறிக்கைகளின் நுட்பம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் வேலையில்லாதோர் என்று அவை கணக்கிட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் அறிக்கைகளில் பிறப்பு வீதத்தின் காரணிகளாக இடம்பெற்றனர். அன்று வேலை செய்யும் வயதுடைய பெண்களில் ஊதியம் தரும் வேலையில் இருந்தவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்கே என்பதால், எஞ்சிய நால்வரையும் உழைப்பாளராக எண்ணும் வழக்கம் எவருக்கும் இல்லை. பின்னாளில் தீவின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்த நால்வரின் மகள்களே.

4. பிறப்பு குறைந்த பத்தாண்டு

மொத்தக் கருவள வீதம் என்பது, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் நிலவும் வயதுவாரிப் பிறப்பு வீதங்கள் அப்படியே நீடிக்குமானால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளைகள் பெறுவாள் என்பதைக் காட்டும் எண். மொரீசியஸில் 1960களின் தொடக்கத்தில் இது ஏறத்தாழ 6, 1972இல் 3.4. பத்தாண்டுகளில் இத்துணைச் சரிவு, அதுவும் கட்டாயம் ஏதுமின்றி நிகழ்ந்தது, அன்றைய வளரும் நாடுகளில் அரிது.

1957இல் தொடங்கப்பட்ட மொரீசியஸ் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் நவீன கருத்தடை முறைகளைப் பரப்பியது. கத்தோலிக்கத் திருச்சபை செயற்கை முறைகளை எதிர்த்ததால் அரசு முதலில் தயங்கியது. 1963இல் கத்தோலிக்கர்கள் சார்பில் ‘ஆக்சியோன் ஃபமிலியால்’ என்னும் அமைப்பு உருவாகி, கருத்தரிக்கும் நாட்களைக் கணித்துத் தவிர்க்கும் இயற்கை முறையைக் கற்பித்தது. எந்த முறை என்பதில் இரு தரப்பினரும் வேறுபட்டாலும், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பெற்றோர் தீர்மானிக்கலாம் என்பதில் உடன்பட்டதால், அரசு இரு அமைப்புகளுக்கும் நிதியுதவி அளித்தது. பல சமயத்தவரும் பல மொழியினரும் வாழும் தீவில், ஓர் இனத்தின் எண்ணிக்கையை மற்றோர் இனம் குறைக்கப் பார்க்கிறது என்ற ஐயத்துக்கு இடம் தராமல் இயக்கம் பரவியதற்கு இந்த இணக்கம் பெரிதும் துணைநின்றது. 1970களின் தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டது.

சேவை கிடைத்தமை பாதிக் காரணமே. பெண்களின் திருமண வயது சில ஆண்டுகள் தள்ளிப்போனது மற்றொன்று. தொடக்கக் கல்வி பரவியிருந்ததால், 1960களில் திருமண வயதை எட்டிய பெண்களில் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். சிசு மரணம் குறைந்ததால், சில பிள்ளைகளேனும் தங்கவேண்டுமே என்று பலரைப் பெறும் தேவை குறைந்தது. அக்காலத்து வேலையின்மையும் ஒரு வகையில் பங்காற்றியது: மகனுக்கு வேலை இல்லாத வீட்டில் திருமணம் ஒத்திவைக்கப்பட்டது.

இவ்விடத்தில் காலவரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. பெண்களுக்கு வேலை கிடைத்தால் பிறப்பு குறையும் என்பது வளர்ச்சி இலக்கியத்தில் அடிக்கடி கூறப்படும் விதி. மொரீசியஸ் அதற்குச் சான்றாகவும் காட்டப்படுவதுண்டு. உண்மையில் பிறப்பின் பெருஞ்சரிவு 1972க்குள் நிகழ்ந்துவிட்டது. ஆடை ஆலைகள் பெண்களை ஆயிரக்கணக்கில் அழைத்ததோ அதற்குப் பிறகே. சிறு குடும்பத்தையும் கல்வியையும் பெண்கள் தேர்ந்தது முதலில். அந்தத் தேர்வு உருவாக்கிய ஆள்வளத்தைத் தொழிற்சாலைகள் பயன்படுத்திக்கொண்டது பின்னர். மக்கள்தொகைக்கும் வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையிலான உறவை மொரீசியஸை முன்வைத்து ஆராய்ந்து, வொல்ஃப்காங் லுட்ஸ் பதிப்பாசிரியராக 1994இல் வெளியிட்ட நூலும் கல்வியின் முதன்மையையே வலியுறுத்துகிறது.

5. ஏற்றுமதி வலயமும் பெண் உழைப்பும்

ஏற்றுமதி உற்பத்தி வலயம் என்பது, வெளிநாட்டுச் சந்தைக்காக மட்டும் பொருள் செய்யும் ஆலைகளுக்கு வரிவிலக்கும், இயந்திரங்களையும் மூலப்பொருள்களையும் சுங்கவரியின்றி இறக்குமதி செய்யும் உரிமையும், பொதுத் தொழிலாளர் சட்டத்திலிருந்து சில தளர்வுகளும் அளிக்கும் ஏற்பாடு. பேராசிரியர் எதுவார் லிம் ஃபாட் முன்மொழிந்த இத்திட்டம் 1970இல் சட்டமானது. பிற நாடுகளில் இத்தகைய வலயம் சுற்றுமதிலுக்குள் அடங்கியது. மொரீசியஸிலோ தீவின் எப்பகுதியில் அமைந்த ஆலையும் வலயத் தகுதியைப் பெறலாம். பிளேன் லோசான், கோரமாண்டல் முதலிய தொழிற்பேட்டைகளுக்கு அப்பால் கரும்புக் கிராமங்களின் நடுவிலும் ஆலைகள் எழுந்தன. மகளை நகரத்துக்குத் தனியே அனுப்பத் தயங்கிய குடும்பங்கள், நடந்துபோகும் தொலைவிலோ ஆலைப் பேருந்து வந்து ஏற்றும் இடத்திலோ வேலை இருந்தபோது தயக்கத்தை விட்டன. இட அமைப்பு பற்றிய ஒரு விதி இவ்வாறு சமூக வழக்கத்தையே அசைத்தது.

மூலதனம் இரு திசைகளிலிருந்து வந்தது. 1970களின் நடுவில் சர்க்கரை விலை உச்சத்தை எட்டியபோது தோட்ட முதலாளிகள் ஈட்டிய இலாபத்தின் ஒரு பகுதி ஆலைகளில் முதலிடப்பட்டது. 1975இல் கையெழுத்தான லோமே உடன்படிக்கையின் சர்க்கரை நெறிமுறை ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் சர்க்கரைக்கு ஐரோப்பியச் சந்தையில் உறுதியான விலையை அளித்தது. செல்வ நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக வரம்பு விதித்திருந்த காலம் அது. தம் வரம்பு தீர்ந்துபோன ஹாங்காங் முதலாளிகள், வரம்பு எஞ்சியிருந்த நாடுகளைத் தேடி வந்தனர். மொரீசியஸ் சில ஆண்டுகளில் கம்பளிப் பின்னலாடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றானது.

ஆலைகள் அமர்த்தியவர்களுள் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். ‘விரல் நுட்பம்’ என்று முதலாளிகள் கூறிய காரணத்துக்குப் பின்னால் கூலிக் கணக்கு இருந்தது: ஆணுக்கு ஒரு குறைந்தபட்சக் கூலியும் பெண்ணுக்கு அதனினும் குறைந்த ஒன்றும் 1980களின் நடுப்பகுதி வரை வலயத்தில் நடப்பிலிருந்தன. வாரத்துக்குப் பத்து மணி நேரம் வரை கட்டாய மிகைநேர வேலை வாங்கவும், எளிதில் ஆட்குறைப்புச் செய்யவும் சட்டம் இடமளித்தது. வேலையில்லா ஆண்களுக்காக வகுக்கப்பட்ட திட்டம், வேலையில்லாதோர் பட்டியலிலேயே இல்லாத பெண்களை வேலைக்கு எடுத்தது. அதனால் வலயம் வளர்ந்துகொண்டிருந்த 1980களின் தொடக்கத்திலும் வேலையின்மை வீதம் ஏறத்தாழ இருபது விழுக்காடாக நின்றது. 1979, 1981 ஆண்டுகளில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, பன்னாட்டு நிதியத்தின் சீரமைப்புத் திட்டங்கள் நடைமுறைக்கு வந்த பின்னரே வேலைவாய்ப்பு பாய்ச்சல் கண்டது. 1990 அளவில் வலயத்தில் ஏறத்தாழ 90,000 பேர் பணிபுரிந்தனர்; அவர்களுள் மூன்றில் இருவர் பெண்கள். நாட்டில் வேலையின்மை ஏறக்குறைய மறைந்தது.

இந்த வளர்ச்சிக்குப் பொருளியலாளர் தந்த விளக்கங்களுள் டானி ராட்ரிக் கூறியது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. உள்நாட்டுச் சந்தைக்கு உற்பத்தி செய்த பழைய தொழில்களின் பாதுகாப்பை அரசு நீக்கவில்லை. அங்கு பணிபுரிந்த ஆண்களின் கூலியும் குறையவில்லை. புதிய துறை, அதுவரை கூலி உழைப்புக்கு வெளியே இருந்த பெண்களைக் கொண்டு நடந்ததால், பழைய துறையின் நலன்களோடு மோதாமலே வளர்ந்தது. பின்னாளில் இந்தியாவின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக விளங்கிய அரவிந்த் சுப்பிரமணியனும் தேவேஷ் ராயும் 2001இல் எழுதிய ஆய்வும் இவ்விளக்கத்தை எடுத்துரைத்து, நாட்டின் நிறுவனங்களின் வலுவையும் அதனோடு சேர்த்தது. எளிமையாகச் சொன்னால், சீர்திருத்தத்தின் விலையைப் பழைய துறைகளில் எவரும் கொடுக்கவேண்டியிராததற்குக் காரணம், அதனைப் பெண்கள் குறைந்த கூலியாகக் கொடுத்துக்கொண்டிருந்தமையே.

இதனைச் சுரண்டல் என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடவும் இயலாது. கரும்பு வயலின் வெயிலையும் வீட்டுப் பணியாளர் என்ற தாழ்நிலையையும் அறிந்த தாய்மாரின் மகள்களுக்கு, மாதம்தோறும் கையில் வரும் ஊதியம் புதிது. வீடு கட்டவும், தம்பி தங்கையரைப் படிக்கவைக்கவும், திருமணத்தைத் தாமே தீர்மானிக்கவும் அது உதவியது. பெண்களின் உழைப்புப் பங்கேற்பு வீதம், அதாவது வேலை செய்யும் வயதினருள் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த விழுக்காடு, 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபதாக இருந்தது. 1990இல் முப்பத்தைந்தைத் தாண்டியது. சட்டமும் பின்தொடர்ந்தது. 1975இல் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணான, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த ராதா பூனூசாமி மகளிர் துறையை ஏற்றார். கணவனின் இசைவின்றி மனைவி சொத்தை ஆளவியலாது என்றிருந்த பிரெஞ்சு வழிக் குடும்பச் சட்டம் 1980களின் தொடக்கத்தில் திருத்தப்பட்டது. 1977இல் இடைநிலைக் கல்வி கட்டணமின்றி வழங்கப்பட்டதனால் பெண்பிள்ளைகள் பள்ளியில் நீடித்தனர். தாய் ஆலையில் தைக்க, மகள் அலுவலகப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் செல்லும் பாதை திறந்தது.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற வினாவுக்கு மட்டும் கொள்கையில் விடை இல்லை. பாட்டியோ மூத்த மகளோ அண்டை வீட்டாரோ அந்தப் பொறுப்பை ஏற்றனர். 1987இல் நிறுவப்பட்ட ஏற்றுமதி வலயத் தொழிலாளர் நலநிதி, முதலாளிகளிடமும் தொழிலாளர்களிடமும் பெற்ற சந்தாவைக் கொண்டு குழந்தைகள் காப்பகங்களை நடத்தியது. வலயம் தொடங்கிப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் வந்த இம்முயற்சி பயனுடையதே எனினும், தேவையோடு ஒப்பிட அதன் அளவு சிறிது.

6. வலயம் சுருங்கியபோது

1990களில் முழு வேலைவாய்ப்பு நிலையை எட்டிய தீவில் கூலி உயர்ந்தது. படித்த இளம்பெண்கள் ஆலை வேலையை விரும்பவில்லை. ஆலைகள் சீனாவிலிருந்தும், பின்னர் இந்தியா, இலங்கை, வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தன. சில மடகாஸ்கருக்குக் கிளைபரப்பின. 2005 ஜனவரியில் உலக ஆடை வணிகத்தின் நாடுவாரி வரம்புகள் நீங்கியதும், மொரீசியஸுக்கு இருந்த சலுகை சீனாவின் போட்டிக்கு முன் மதிப்பிழந்தது. அடுத்த ஆண்டுமுதல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குத் தந்த உறுதி விலையையும் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தது. நூற்றாண்டின் திருப்பத்தில் 90,000 அளவில் இருந்த வலய வேலைகள் சில ஆண்டுகளில் 65,000 அளவுக்குச் சரிந்தன.

வேலை இழந்தோர் இருபது வயதில் ஆலைக்குள் நுழைந்து நாற்பதுகளை எட்டியிருந்த பெண்கள். ஒரே தையல் இயந்திரத்தில் ஒரே வகைத் தையலை ஆண்டுக்கணக்கில் செய்தவர்களுக்கு வேறு திறன் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. தகவல் தொழில்நுட்பம், நிதிச்சேவை என நாடு அடுத்துத் தழுவிய துறைகள் பட்டம் பெற்றவர்களைக் கேட்டன. 2005இல் பெண்களின் வேலையின்மை வீதம் ஆண்களினதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. 2006இல் அரசு தொடங்கிய மறுபயிற்சித் திட்டங்களால் ஓரளவே ஈடுசெய்ய முடிந்தது. பலர் வீட்டுப் பணிக்கும் தெருவோர உணவு விற்பனைக்கும் சென்றனர். பலர் வேலை தேடுவதையே விட்டதால் வேலையில்லாதோர் கணக்கிலிருந்தும் மறைந்தனர். வேலைக்கு வந்தபோது எந்தப் பட்டியலிலும் இல்லாதிருந்தவர்கள், வேலை போனபோதும் பட்டியலுக்கு வெளியே சென்றனர்.

ஆண் பெண் இருபாலர்க்கும் ஒரே தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2018 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் மிகுதியும் பயனடைந்தவர்களுள் வீட்டுப் பணியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஆகிய பெண்கள் அடங்குவர்.

7. ரோட்ரிக்ஸ் தரும் மாற்றுச் சான்று

முதன்மைத் தீவின் ஆலைகள் சென்றடையாத ரோட்ரிக்ஸில் பெண்களின் தொழில் கடற்கழியில் கணவாய் இனமான எண்காலியைப் பிடிப்பது. ஓதம் வடிந்த வேளையில் இடுப்பளவு நீரில் நடந்து, பாறையிடுக்குகளில் ஈட்டியால் குத்திப் பிடிக்கும் இத்தொழிலில் பெண்கள் தலைமுறைகளாக ஈடுபட்டுள்ளனர். பிடிப்பு அளவு குறைந்துகொண்டே வந்ததால், தன்னாட்சி பெற்ற தீவு நிர்வாகம் 2012இல் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை எண்காலி பிடிப்பதைத் தடைசெய்து, அக்காலத்தில் மீனவர்களுக்குக் கடற்கரைத் தூய்மை முதலிய மாற்றுப் பணிகளை ஊதியத்தோடு வழங்கியது. தடை நீங்கியபின் கிடைத்த எண்காலிகள் அளவிலும் எடையிலும் பெரியவை. இம்முறை தொடர்ந்து பின்பற்றப்படுகிறது. இங்கு பெண்கள் தொழிலாளர்களாக முன்னரே அறியப்பட்டிருந்தனர்; அதனால் கொள்கை அவர்களின் வருவாய் இழப்பைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொண்டது. ஆடை ஆலைகளின் வீழ்ச்சியில் விடுபட்டது இதுவே.

8. முதுமையும் பிறப்பூக்கமும்

தலைமுறைக்குத் தலைமுறை மக்கள்தொகை ஏறத்தாழ அப்படியே நிலைத்திருக்கத் தேவையான கருவள வீதம் 2.1; இதனைப் பதிலீட்டு மட்டம் என்பர். மொரீசியஸ் இம்மட்டத்துக்குக் கீழே சென்று கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றைய வீதம் 1.4 அளவிலோ அதற்குக் கீழோ உள்ளது. 2011இல் 12.37 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2022இல் சிறிது குறைந்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் மக்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் பதினைந்து வயதுக்குட்பட்டோர். இன்று அறுபது கடந்தோர் ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகின்றனர். உழைப்போர் தொகைக்கு எதிராகக் குழந்தைகளும் முதியோரும் எத்தனை பேர் என்பதைக் காட்டும் சார்பு விகிதம், இடையில் குறைந்திருந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நாடு வளம் பெற்றது. அந்தச் சாளரம் இப்போது மூடிக்கொண்டிருக்கிறது.

1950இல் தொடங்கி 1958இல் வருமான வரம்பின்றி முதியோர் அனைவர்க்கும் உரியதாக்கப்பட்ட அடிப்படை ஓய்வூதியம் இந்நாட்டின் நலத்திட்டங்களுள் தலையாயது. 2004இல் வருமான வரம்பு கொண்டுவரப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால் மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. செலவு ஏறியதால், ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்தும் முடிவு 2025 ஜூன் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, தெருப் போராட்டங்களுக்கு வழிவகுத்தது. நிதிக் கணக்கில் இம்முடிவுக்கு நியாயம் உண்டு. ஆனால் சந்தா செலுத்திப் பெறும் ஓய்வூதியம், மகப்பேற்றுக்கும் பராமரிப்புக்குமாகப் பணியை இடையில் விட்டவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கும். அனைவர்க்குமான அடிப்படை ஓய்வூதியமோ இடைவெளிகளைப் பாராமல் வழங்கப்படுவது. ஆலை மூடியதும் நாற்பதுகளில் வேலை இழந்த தலைமுறைக்கு, அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் வருவாயற்ற ஆண்டுகளாகலாம். வாழ்நாள் உழைப்பின் வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல என்பதை வயது வரம்பு என்னும் ஒற்றை எண் காட்டுவதில்லை.

மறுபுறம், பிறப்பை ஊக்குவிக்க 2023 முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டது. 2024இல் மகப்பேற்று விடுப்பு 16 வாரங்களாகவும், ஒரு வாரமாக இருந்த தந்தையர் விடுப்பு நான்கு வாரங்களாகவும் நீட்டிக்கப்பட்டன. பராமரிப்பு தந்தையின் கடமையும் ஆகும் என்பதைச் சட்டம் ஏற்றதால், உதவித்தொகையினும் தந்தையர் விடுப்பே பெரிய மாற்றம். பெண்களின் பங்கேற்பு வீதம் நாற்பதுகளின் நடுவில் நிற்க, ஆண்களினது எழுபதைத் தாண்டி நிற்கும் நாட்டில், ஆலைகளையும் கட்டுமானத்தையும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு நிரப்புவதற்கு முன், வேலைக்கு வர இயலாமல் வீட்டிலிருக்கும் பெண்களுக்குக் காப்பகமும், மாலைவரை இயங்கும் பள்ளியும், முதியோர் பராமரிப்பும் தேவைப்படுகின்றன. அவை பெண்களுக்கான சலுகைகள் அல்ல. உழைப்புச் சந்தையின் அடிப்படைக் கட்டமைப்பு.

9. முடிவுரை

மேலே ஆராயப்பட்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளை வகுத்துக் கூறலாம். முதலாவது, மொரீசியஸில் பிறப்புக் குறைவைத் தொழில்மயம் உண்டாக்கவில்லை. கல்வியும் நலச்சேவையும் திருமண வயது உயர்வும் அதனைத் தொழில்மயத்துக்கு முன்பே நிகழ்த்தின. எனவே பிற சிறு நாடுகள் ஆலையை அமைத்துவிட்டுப் பிறப்பு குறையும் என்று காத்திருப்பதற்கு இத்தீவின் வரலாறு சான்றாகாது. இரண்டாவது, ஏற்றுமதி வளர்ச்சியின் வேகத்துக்கு மூலதனமும் வணிகச் சலுகையும் எவ்வளவு காரணமோ, கணக்கில் வராத பெண் உழைப்பு மலிவாகக் கிடைத்தமையும் அவ்வளவு காரணம். அந்த மலிவின் எஞ்சிய விலையை அப்பெண்கள் தம் நடுவயதிலும் முதுமையிலும் செலுத்துகின்றனர். மூன்றாவது, பிள்ளைகளைக் குறைத்துக்கொள்ளுமாறு ஒரு தலைமுறைப் பெண்களிடமும், மிகுதியாகப் பெறுமாறு அவர்களின் பேத்தியரிடமும் வேண்டும் அரசு, இரண்டு முறையும் அதே விடையையே எதிர்கொள்கிறது: பள்ளி, மருத்துவம், வருவாய், பராமரிப்பு ஆகியவற்றைப் பொறுத்தே குடும்பங்கள் முடிவெடுக்கின்றன.

ஓய்வூதிய வயதையும், மகப்பேற்று உதவியையும், வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதியையும் இன்று வெவ்வேறு அமைச்சகங்கள் வெவ்வேறு கோப்புகளில் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு வளர்ச்சித் திட்டமும் எத்தனை வேலைகளை உருவாக்கும் என்று கேட்கப்படுவதைப் போலவே, எத்தனை மணி நேரப் பராமரிப்பு உழைப்பை யார்மீது சுமத்தும் என்றும் கேட்கப்படவேண்டும். அக்கேள்விக்கு எண்ணால் விடை கூறும் கடமை திட்டம் வகுப்போருக்கு விதிக்கப்படும்போதுதான், தாய்க்கும் தொழிலாளிக்கும் தனித்தனியே எழுதப்பட்டுவந்த கொள்கைகள் ஒரே பெண்ணுக்குரிய கொள்கையாக அமையும்.